தக்கோலத்துப் போரும் கடைத்தெருக் கணக்கும்

வணிகம் என்பதே போர்தான் என்று சொல்லும் புத்தகங்கள் இப்போது விமான நிலையத்துக் கடைகளில்கூட அடுக்கடுக்காக இருக்கின்றன. சீனத்துச் சுன் சூவின் போர்க்கலை நூல்தான் இவற்றில் பலவற்றுக்கு மூலம். அமியோ என்ற ஏசு சபைப் பாதிரியார் 1772-இல் அதைப் பிரெஞ்சில் வெளியிட்டார். லயனல் கைல்ஸ் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1910-இல் வந்தது. அதற்கு ஓராண்டு முன்னால், 1909-இல், மைசூரில் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் முதன்முதலாக அச்சேறியது. பல நூற்றாண்டுகளாகப் பெயர் மட்டும் தெரிந்திருந்த நூல் அது. தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் மைசூர் கீழ்த்திசை நூலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்த ஓலைச்சுவடி. கிரந்த எழுத்தில் இருந்தது. நூலகர் ஷாமசாஸ்திரி 1905-இல் அதை இன்னதென்று கண்டு சொன்னார். நம் ஊர்க்காரர் ஒருவர் கட்டிக் காத்த ஓலையை நாம் ஒதுக்கிவிட்டு, சீனத்து நூலை ஆங்கிலம் வழியாகப் படித்துக்கொண்டிருக்கிறோம். படிப்பதில் தவறில்லை. ஆனால் வீட்டுப் பரணையும் ஒருமுறை இறக்கிப் பார்க்கலாம் அல்லவா?

அந்த மேலாண்மைப் புத்தகங்களில் எனக்கு ஒரு குறை உண்டு. எல்லாம் வென்றவன் கதை. நாற்பது ஆண்டு பாத்திரக் கடை நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: நன்றாக ஓடும் கடையைப் பார்த்து ஒருவன் கற்றுக்கொள்வது கொஞ்சம்தான். மூடிய கடையின் பேரேட்டைப் புரட்டினால்தான் எங்கே ஒழுகியது என்று தெரியும். ஆகவே நான் எடுத்துக்கொள்வது ஒரு தோல்வியை. 949-ஆம் ஆண்டுத் தக்கோலப் போர்.

அரக்கோணத்திலிருந்து செங்கல்பட்டுக்குப் போகும் ரயில் பாதையில் உள்ள சிற்றூர் தக்கோலம். பழைய பெயர் திருவூறல். அங்குள்ள மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையின் பயிற்சி மையத்துக்கு 2025-இல் இராஜாதித்த சோழன் பெயரைச் சூட்டினார்கள். தோற்று மாண்ட இளவரசன் பெயரை ஒரு படை தனக்குச் சூட்டிக்கொண்டது எனக்குப் பிடித்திருந்தது. சோழன் தோற்ற போரைப் பற்றி எழுத ஒரு சமணன் வந்துவிட்டான், இராஷ்டிரகூடர்கள் சமணத்தை ஆதரித்தவர்கள் அல்லவா, என்று யாராவது புன்னகைக்கலாம். அப்படி ஒன்றும் இல்லை. ஆரணி, வந்தவாசிப் பக்கத்து நயினார்களுக்கு அந்த மண்ணில் யார் ஆண்டாலும் வரி ஒன்றுதான்!

கதையை முதலாம் பராந்தகனிடமிருந்து தொடங்க வேண்டும். 907-இல் பட்டமேறினான். பாண்டியன் இராஜசிம்மனை வென்று மதுரையைப் பிடித்தான். பாண்டியனுக்குத் துணையாக இலங்கையிலிருந்து வந்த படையும் வெள்ளூரில் தோற்றது. பாண்டியன் முடியையும் அணிகலன்களையும் இலங்கையில் ஒப்படைத்துவிட்டுச் சேர நாட்டுக்குப் போய்விட்டான். முடி கையில் கிடைக்காத வெற்றி பராந்தகனுக்கு உறுத்தியது. அதைக் கேட்டு இலங்கைக்குப் படை அனுப்பினான். முடி கிடைக்கவில்லை, சிங்களர் அதை எடுத்துக்கொண்டு ரோகணத்துக்குள் போய்விட்டார்கள். ஆனாலும் கல்வெட்டில் ‘மதுரையும் ஈழமும் கொண்ட’ என்று பட்டம் ஏறிவிட்டது. விளம்பரப் பலகை முதலில், சரக்கு பிறகு என்பது இன்றைக்கு வந்த பழக்கம் இல்லை பாருங்கள்.

தெற்கே இப்படி என்றால் வடக்கே வேறொன்று. தொண்டை மண்டலத்தின் வட எல்லையில் இருந்த வாணர்களைப் பதவியிழக்கச் செய்து, வாணாதிராசன் என்ற அவர்கள் பட்டத்தைத் தன் நண்பனான கங்க மன்னன் இரண்டாம் பிருதிவீபதிக்குக் கொடுத்தான். வைதும்பர்களையும் முறியடித்தான். நாடிழந்தவர்கள் எங்கே போவார்கள்? இராஷ்டிரகூட நாட்டுக்குப் போனார்கள். 939-இல் அங்கே மூன்றாம் கிருஷ்ணன் பட்டமேறினான். அவன் என்ன செய்தான் என்றால், கங்க நாட்டில் தன் சகோதரியின் கணவன் பூதுகனை அரியணையில் ஏற்றினான். பராந்தகனின் நண்பன் பிருதிவீபதியோ அதற்குள் இறந்துவிட்டான். ஆக, போர் தொடங்குவதற்குப் பத்தாண்டுக்கு முன்பே ஒருவன் பகைவர்களைச் சேர்த்துக்கொண்டிருந்தான், மற்றவன் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டிருந்தான். போர்க்களத்தில் நடந்தது வெறும் ஐந்தொகை.

பராந்தகன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான் என்று சொல்ல முடியாது. வடக்கிலிருந்து ஆபத்து வரும் என்று அவனுக்குத் தெரியும். மூத்த மகன் இராஜாதித்தனைப் பெரும்படையோடு திருமுனைப்பாடி நாட்டில், திருநாவலூரில், பல ஆண்டுகள் நிறுத்தி வைத்தான். இராஜாதித்தபுரம் என்றே அந்த ஊருக்குப் பெயர் வந்தது. சேர நாட்டு வீரர்கள் பலர் அந்தப் படையில் இருந்ததை அங்குள்ள கல்வெட்டுகள் சொல்கின்றன. ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்களுக்கு, சும்மா இருந்த அந்தப் படையைக் கொண்டுதான் வீரநாராயண ஏரி வெட்டப்பட்டது என்று கல்கி எழுதியது நினைவுக்கு வரும். அது நாவல், சான்று ஆகாது. ஆனால் ஆள் கூட்டத்தைச் சும்மா உட்கார வைத்துச் சம்பளம் கொடுப்பது எவ்வளவு பெரிய பாரம் என்பதைக் கல்கி உணர்ந்திருக்கிறார்.

போரைப் பற்றிச் சொல்லும் முக்கியமான கல், நாம் இருக்கும் பெங்களூரிலேயே, கஸ்தூரிபா சாலை அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மண்டியாப் பக்கத்து ஆதகூரிலிருந்து கொண்டுவந்தது. குடும்பத்தோடு கப்பன் பூங்காவுக்குப் போகிறவர்கள் ஒரு நடை போய்ப் பார்க்கலாம். பூதுகன் யானையின் அம்பாரியையே போர்க்களமாக்கி இராஜாதித்தனைக் கொன்றான் என்றும், அதற்காகக் கிருஷ்ணன் அவனுக்கு வனவாசி பன்னீராயிரம், பெள்வொலம் முந்நூறு முதலிய நாடுகளைக் கொடுத்தான் என்றும் அந்தக் கல் சொல்கிறது. பூதுகனின் வீரன் மணலேரனுக்கும் பரிசு உண்டு. என்ன வேண்டும் என்று கேட்டபோது அவன் காளி என்ற வேட்டை நாயைக் கேட்டு வாங்கிக்கொண்டானாம். அந்த நாய் பின்னால் ஒரு காட்டுப் பன்றியோடு சண்டையிட்டு இரண்டும் மாண்டன. கல் நட்டது அந்த நாய்க்காக! சோழப் பேரரசின் தலைவிதி மாறியதைச் சொல்லும் சான்று ஒரு நாயின் நடுகல் என்பதை என்னவென்று சொல்ல?

சோழர் தரப்புச் செப்பேடோ, கிருஷ்ணனின் கூரிய அம்பு இராஜாதித்தனின் மார்பைப் பிளந்தது என்கிறது. கொன்றவர் யார், எப்படி என்பதில் வேறுபாடு இருக்கிறது. யானை மேல் என்பதில் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. ‘ஆனைமேல் துஞ்சின தேவர்’ என்றே பிற்காலத்தார் அவனைக் குறித்தார்கள். யானை மேல் அமர்ந்த தலைவன் தன் படைக்கு மட்டும் தெரிவதில்லை. எதிரிக்கும் நன்றாகத் தெரிகிறான். அவன் சாய்ந்ததும் போர் முடிந்தது. கிருஷ்ணன் ‘கச்சியும் தஞ்சையும் கொண்ட கன்னரதேவன்’ ஆனான். தொண்டை மண்டலம் அவன் வாழ்நாள் வரை அவன் கையில் இருந்தது. இராஜாதித்தனின் நண்பரான சேர நாட்டு வீரர் ஒருவர், தலைவன் சாகும்போது அருகில் நின்று தாமும் சாக முடியவில்லையே என்று வருந்தித் துறவு பூண்டு, திருவொற்றியூரில் சதுரானன பண்டிதராக வாழ்ந்ததை அவ்வூர்க் கல்வெட்டு சொல்கிறது. அப்படிப்பட்ட மனிதர்கள் இருந்த படைதான் தோற்றது. ஆகவே வீரக் குறைவு, விசுவாசக் குறைவு என்று காரணம் சொல்ல இடமில்லை.

பின் எது குறைவு? இங்கேதான் பழைய நூல்கள் கைகொடுக்கின்றன. கௌடில்யர் மூன்று வலிமைகளைச் சொல்கிறார்: ஊக்கம், பொருளும் படையும், ஆலோசனை. மற்ற ஆசிரியர்கள் ஊக்கத்தை முதலில் வைத்தார்கள். இவர் அதை மறுத்து, ஆலோசனைதான் எல்லாவற்றிலும் மேல் என்றார். சமாதானத்திலும் போரிலும் ஒரே அளவு லாபம் வருமானால் சமாதானத்தையே கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறார். காரணம் தர்மம் இல்லை, கணக்கு. போரில் ஆள் நட்டம், பொருள் செலவு, ஊரை விட்டு வெளியே கிடப்பது, இடையூறு ஆகியவை கூடவே வரும். இன்னோர் இடத்தில் க்ஷயம், வியயம் என்று இரண்டைப் பிரிக்கிறார். பழகிய ஆட்களும் விலங்குகளும் குறைவது க்ஷயம். பொன்னும் தானியமும் குறைவது வியயம். நம் தணிக்கையாளர்களின் கணக்கில் இரண்டாவதுதான் வரும். முதலாவதற்கு இன்றுவரை பத்தி இல்லை. வள்ளுவரும் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று நான்கு அதிகாரங்களை வரிசையாக வைக்கிறார். படைமாட்சி வெகு தூரம் தள்ளி எழுபத்தேழாவதாகத்தான் வருகிறது. (வள்ளுவர் எங்கள் குந்தகுந்தர் என்பது எங்கள் மரபு. அந்த வாதத்துக்கு இது இடமில்லை.)

எங்கள் தெருவில் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய நிறுவனம் கடை போட்டது. பெயர் வேண்டாம். குக்கரும் எவர்சில்வர் தட்டும் நாங்கள் கொள்முதல் செய்யும் விலைக்கும் கீழே விற்றார்கள். என் மகன் நிர்வாகப் படிப்பு படித்தவன். விலைக்கு விலை நின்றே ஆக வேண்டும், பின்வாங்கினால் தெரு நம்மை மறந்துவிடும் என்றான். நானும் அவனும் நாள்வழியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஆறு மாதம் நின்றால் வியயம் எவ்வளவு என்று போட்டுவிட்டோம்; தாங்கும். பிறகு க்ஷயம். பணம் முடங்கினால் ஒன்பது ஆட்களில் மூன்று பேரை நிறுத்த வேண்டும். அதில் ஒருவர் பித்தளை அண்டாவைத் தட்டிப் பார்த்தே கனம் சொல்லக்கூடியவர். அவரை விட்டால் மறுபடி எங்கே பிடிப்பது? குக்கரை அவர்களுக்கே விட்டுவிட்டோம். சீர்வரிசைப் பாத்திரம், குத்துவிளக்கு, ஓட்டல் சமையலறைக்கு வேண்டிய பெரிய பாத்திரங்கள், இவற்றில் இறங்கினோம். அங்கே விலையை விட, பார்த்துக் கொடுக்கும் ஆள்தான் முக்கியம். அந்தப் பெரிய கடை இன்றும் இருக்கிறது; நாங்களும் இருக்கிறோம். கோயிலுக்கு அண்டா கேட்டு வருகிறவர்களை அவர்கள் கடைப் பையன்களே எங்களிடம் அனுப்புகிறார்கள்.

ஆட்களைப் பற்றிச் சொன்னேன். போர் நூல்களில் நான் அதிகம் படித்து ரசித்த பகுதி வியூகங்கள் அல்ல, இதுதான். படைக்கு வரும் துன்பங்களைக் கௌடில்யர் இரண்டிரண்டாக நிறுத்தி ஒப்பிடுகிறார். பாராட்டப்படாத படையும் அவமதிக்கப்பட்ட படையும் ஒன்றல்ல. முன்னதைப் பாராட்டினால் போரிடும், பின்னது உள்ளே புகைந்துகொண்டே இருக்கும், உதவாது. சம்பளம் பெறாத படைக்கு அப்போதே கொடுத்தால் எழுந்து நிற்கும்; நோயுற்ற படை நிற்காது. புதிதாக வந்தவர்களைப் பழையவர்களோடு கலந்தால் தேறுவார்கள். நெடுந்தூரம் நடந்து களைத்தவர்கள் தேறமாட்டார்கள். எத்தனை நுட்பம்! விற்பனை குறைந்த பையனை எல்லார் முன்னாலும் வைத்து ஏசும் மேலாளர்கள் இந்த ஒரு பகுதியைப் படித்தால் போதும்.

இதே பொருளைச் சுருக்கமாகச் சொன்னவர் ஒருவர் உண்டு. எங்கள் சமயத்துத் துறவி சோமதேவ சூரி. அவருடைய யசஸ்திலகம் 959-இல் முடிந்தது. பாண்டிய சிங்கள சோழ சேரர்களை வென்ற கிருஷ்ணன் மேல்பாடியில் தங்கியிருந்த காலம் என்று அதன் முடிவில் எழுதுகிறார். மேல்பாடி நம் பழைய வட ஆர்க்காட்டு மேல்பாடிதான். தக்கோலத்துப் புழுதி அடங்கிப் பத்தாண்டு. அதன் பின் அவர் எழுதிய நீதிவாக்யாம்ருதத்தில் முப்பத்திரண்டு பகுதிகள். வார்த்தை எனப்படும் உழவு வணிகமும் அதில் உண்டு, சேனாபதியும் போரும் உண்டு. படையாட்கள் மனம் விட்டுப் போவதற்கு அவர் ஐந்து காரணம் சொல்கிறார்: தலைவன் நேரில் வந்து பாராமை, கொடுக்க வேண்டியதில் பிடித்தம், தருவதில் தாமதம், துன்பத்தில் உதவாமை, விசேஷ நாளில் மதியாமை. 2020-இல் ஊரடங்கு வந்தபோது பெங்களூர்ப் பேட்டையில் எந்தக் கடை ஆட்கள் திரும்பி வந்தார்கள், எந்தக் கடை ஆட்கள் வரவில்லை என்று பார்த்தவர்களுக்கு இந்த ஐந்துக்கும் விளக்கவுரை வேண்டாம்.

உயிர்க்கொலை ஆகாது என்ற துறவிக்குப் போர் நூல் எதற்கு என்று கேட்பார்கள். எங்கள் நூல்கள் இம்சையை நான்காகப் பிரிக்கின்றன. சமையல் முதலிய வீட்டு வேலையில் நேர்வது ஆரம்பி. தொழிலில் நேர்வது உத்யோகி. தன்னையும் தன்னைச் சேர்ந்தவரையும் காக்கும்போது நேர்வது விரோதி. அழிக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு செய்வது சங்கல்பி. இல்லறத்தான் முழுதும் விட வேண்டியது கடைசியை. முதல் மூன்றைக் குறைத்துக்கொள்ள வேண்டும். அடியோடு விட முடியாது என்று நூலே ஒப்புக்கொள்கிறது. தொழிலும் போரும் இந்தப் பட்டியலில் அடுத்தடுத்து இருப்பதைக் கவனியுங்கள். போட்டிக் கடைக்கு எதிராக என் கடையைக் காப்பது விரோதி. அவன் மூட வேண்டும் என்பதற்காகவே நான் நட்டத்தில் விற்றால் அது சங்கல்பி. பில்லில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். போட்டவனுக்குத் தெரியும்.

அருங்கலச்செப்பு முதலிய எங்கள் நூல்களில் திக்விரதம் என்றொரு விரதமும் உண்டு. எந்தெந்தத் திசையில் எவ்வளவு தூரம் வரை போவேன் என்று இல்லறத்தான் தானே எல்லை கட்டிக்கொள்வது. அரசர்களுக்குத் திக்விஜயம், எங்களுக்குத் திக்விரதம்! சிறு வயதில் இது வணிகனுக்குக் கைவிலங்கு என்று நினைத்தேன். பராந்தகனின் வரைபடத்தை ஈழத்திலிருந்து வாணர் நாடு வரை விரித்துப் பார்த்தபோதுதான், தன் எல்லையைத் தான் கட்டாதவனுக்கு வேறொருவன் கட்டுவான் என்று புரிந்தது.

ஆனால் போரை வணிகத்துக்கு அப்படியே தூக்கிவைக்கும் போக்கில் எனக்குச் சம்மதமில்லை. போரில் இரண்டு தரப்பு, வணிகத்தில் மூன்று. வாங்க வருகிற அம்மாவுக்கு நம் பகை ஒரு பொருட்டில்லை. இன்றைக்குப் போட்டியாளன், நாளைக்கு முகூர்த்த நாளில் சரக்குத் தீர்ந்தால் கைமாற்றாகக் குடம் கொடுக்கிறவன். திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற பழைய வணிகக் குழுவினரைப் பாருங்கள். கர்நாடகத்து ஐஹொளெயைத் தலைமையிடமாகச் சொல்லிக்கொண்டவர்கள். 1088-இல் சுமத்திராவின் லோபு துவாவில் தமிழில் கல்வெட்டு வைத்தவர்கள். அவர்களிடம் எறிவீரர் என்ற படை வீரர்கள் இருந்தார்கள். எறிவீரப்பட்டினம் என்று பாதுகாப்பான வணிக ஊர்களே இருந்தன. வாள் வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. வழியில் மூட்டையைக் காக்க வாள், சந்தைக்குள் தராசு.

மகன் விடுவதாக இல்லை. “அப்பா, தோத்தவன் கதையையே சொல்றீங்க. ராஜராஜன் எல்லை தாண்டலையா?” என்றான். நியாயமான கேள்வி. முதலில், வென்றவன் கணக்கையும் பார்த்துவிடுவோம். கிருஷ்ணன் 967-இல் இறந்தான். 972-இல் பரமாரர்கள் அவன் தலைநகர் மான்யகேடத்தைச் சூறையாடினார்கள். 973-இல் அவர்களுக்குக் கீழிருந்த சாளுக்கியத் தைலபன் மொத்தத்தையும் எடுத்துக்கொண்டான். தக்கோலத்தில் வென்ற நிறுவனம் இருபத்துநான்கே ஆண்டில் இழுத்து மூடப்பட்டது. பூதுகன் மகன் மாரசிம்மன் அரசைத் துறந்து, பங்காபுரத்தில் அஜிதசேனர் முன்னிலையில் சல்லேகனை நோற்று உயிர் நீத்தான். சரவணபெளகொளத்துத் தூண் கல்வெட்டு அதைச் சொல்கிறது.

இராஜராஜன் 985-இல் பட்டமேறினான். உடனே வடக்கே பாய்ந்து பழிவாங்கவில்லை. தெற்கே காந்தளூர்ச்சாலை, சேரன், பாண்டியன் என்று முதுகுப் பக்கத்தை முதலில் அடைத்தான். பிறகுதான் நுளம்பபாடி, கங்கபாடி. தக்கோலம் நடந்து ஏறத்தாழ ஐம்பது ஆண்டுக்குப் பின் பூதுகனின் கங்க நாடு சோழர் கைக்கு வந்தது. பிடித்ததோடு நிற்காமல் 1001-ஐ ஒட்டி நாடு முழுவதும் நிலத்தை அளந்து வரிக்கணக்கைச் சரிசெய்தான். 1012-இல், தான் உயிரோடு இருக்கும்போதே, மகன் இராஜேந்திரனை உடனாட்சியில் சேர்த்தான். யானை மேல் ஒருவன் மட்டும் இருக்கும் ஏற்பாட்டை மாற்றிவிட்டான் என்று நான் இதைப் படிக்கிறேன்.

மகன் நான்கு கிளை கேட்டான். இப்போதைக்கு ஒன்று; ஓசூரில் இடம் பார்த்திருக்கிறோம், முன்பணமும் கொடுத்தாயிற்று. அங்கே கல்லாவில் யார் உட்காருவது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. அவன் போகிறேன் என்கிறான். அந்த அண்டாக்காரரை அனுப்பலாம், கூட இரண்டு புது ஆட்களைப் பழையவர்களோடு கலந்து வைக்கலாம் என்கிறேன் நான். தைக்குள் சொல்லியாக வேண்டும்.